எழுதும் நாவலும் படிக்கும் நூலும்

நாவல் எழுதுகிறவர் மனமகிழ்ச்சிக்காகப் படிப்பதற்கும் நேரம் ஒதுக்க வேண்டுமா, கிடைக்கும் நேரம் முழுவதையும் எழுத்துக்கே கொடுத்துவிட வேண்டுமா என்னும் கேள்வி, முழுநேர எழுத்தாளரைவிட வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவரைத்தான் மிகுதியாக வருத்துகிறது. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்த மண்ணூரில் வாடகை அறை எடுத்துத் தங்கி ஆலை வேலைக்குச் செல்லும் ஒருவர் நாவல் எழுத முற்பட்டால், எட்டு மணி நேர ஷிப்டும், கம்பெனிப் பேருந்தில் கழியும் நேரமும், சமையலும், ஷிப்டு மாறும்போதெல்லாம் இடம் மாறும் தூக்கமும் போக அவர் கையில் எஞ்சுவது ஓரிரு மணி நேரமே. அதையும் பிறர் எழுதிய நூலுக்குக் கொடுப்பது வீண் என்று அவருக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை. ஆயினும் அந்த எண்ணம் தவறானது என்பதற்குத் தமிழிலேயே தெளிவான சான்று உண்டு.

நேரப் பற்றாக்குறை தவிர வேறு இரண்டு இடர்களும் இங்கே உள்ளன. ஒன்று, நடை ஒட்டிக்கொள்வது. நடை என்பது ஓர் எழுத்தாளர் சொற்களைத் தேர்ந்து வாக்கியங்களை அமைக்கும் தனிப்போக்கு. பகலில் தஞ்சை வட்டாரத்தை எழுதிய தி. ஜானகிராமனைப் படித்துவிட்டு இரவில் எழுத உட்காருகிறவருடைய பாத்திரங்கள், அவரை அறியாமலே தஞ்சாவூர்ப் பேச்சைப் பேசத் தொடங்கிவிடுவதுண்டு. மற்றொன்று, தொழிற்கண். ஆசிரியர் கதையை எங்கே தொடங்கினார், எந்த இடத்தில் காலத்தைத் தாண்டினார் என்று உத்தியையே, அதாவது கதை சொல்லும் வழிமுறையையே, துருவிக்கொண்டிருப்பவருக்குக் கதையில் தன்னை மறந்து தோய்வது கூடாமற்போகிறது. எழுதத் தொடங்கியபின் பலருக்கு வாசிப்பின் இன்பம் குறைந்துபோவதற்கு இதுவே பெரிய காரணம்.

இந்த இடர்களுக்கு நடுவே வழி கண்டவர்களில் நாஞ்சில் நாடன் முதன்மையாகக் கருதத்தக்கவர். குமரி மாவட்டத்து வீரநாராயணமங்கலத்தில் 1947இல் பிறந்து, கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, வேலை தேடிப் பம்பாய்க்குச் சென்ற அவர், தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பணிக்காகப் பல மாநிலங்களில் அலைந்தபடியே 'தலைகீழ் விகிதங்கள்' (1977) தொடங்கி 'எட்டுத்திக்கும் மதயானை' (1998) வரை ஆறு நாவல்களை எழுதினார். வேலை தேடி ஊரைவிட்டுப் போகும் படித்த இளைஞனைப் பற்றிய 'மிதவை'யும் அவற்றுள் ஒன்று. மண்ணூரில் தங்கியிருக்கும் தென்மாவட்டத்து இளைஞர் எவரும் தம் கதையாகவே அதைப் படிக்க முடியும். இங்கே கருத வேண்டியது, அந்தப் பம்பாய் ஆண்டுகளிலேயே அவர் தமிழறிஞர் ரா. பத்மநாபனிடம் கம்பராமாயணம் பாடம் கேட்டார் என்பதாகும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஒரு காப்பியத்தை, எந்தத் தேர்வுக்காகவும் இன்றி, அலைச்சல் மிகுந்த வேலைக்கு நடுவே படித்ததைக் காலவிரயம் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். கம்பனுடைய விருத்தம் நாஞ்சில் வட்டார உரைநடையைத் தன் சாயலுக்கு இழுத்துவிடக் கூடியதன்று. ஆனால் சொல்வளம் அங்கிருந்து ஏராளமாக வந்து சேர்ந்தது. பின்னாளில் 'கம்பனின் அம்பறாத்தூணி' என்னும் நூலாகவும் அந்த ஈடுபாடு விளைந்தது.

இதற்கு நெருங்கிய ஒப்புமை பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிடைக்கிறது. அஞ்சல் துறையில் 1834 முதல் 1867 வரை பணியாற்றிய நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப், நாள்தோறும் காலை 5.30 மணிக்கு எழுத உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்னும் கணக்கில் எழுதியதைத் தம் தன்வரலாற்றில் விவரிக்கிறார். தம்மை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்ததும், அலுவல் பயணத்தின்போது ரயில் பெட்டியில் சிறு எழுதுபலகையை வைத்துப் பென்சிலால் எழுதியதும், அதை மனைவி படியெடுத்துக் கொடுத்ததும் அதில் பதிவாகியுள்ளன. இப்படி 47 நாவல்களை முடித்த அவருக்கு மிகுந்த இன்பம் அளித்த வாசிப்பு நாவல்கள் அல்ல, பழைய ஆங்கில நாடகங்கள். தாம் எழுதும் வகையிலிருந்து விலகிய வேறொரு வகையில் மகிழ்ச்சியைத் தேடிக்கொண்டதில் இவரும் நாஞ்சில் நாடனும் ஒன்றுபடுகிறார்கள். நடை ஒட்டிக்கொள்ளும் இடரும் தொழிற்கண்ணின் தொல்லையும் அத்தகைய வாசிப்பில் பெரிதும் தணிந்துவிடுகின்றன.

வாசிப்பே மேலோங்கிவிட்ட வாழ்க்கையும் தமிழில் உண்டு. 'பொய்த்தேவு' (1946) என்னும் உயர்ந்த நாவலைத் தந்த க.நா. சுப்ரமண்யம், தாம் படித்து மகிழ்ந்தவற்றை மற்றவர்களும் படிக்க வேண்டும் என்னும் வேட்கையால் ஐரோப்பிய எழுத்தாளர்களான நட் ஹாம்சன், செல்மா லாகர்லெவ் ஆகியோரின் நாவல்களைத் தமிழாக்கினார், 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டே நூல் எழுதினார். அந்த உழைப்பில் சில நாவல்களை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் 'நிலவளம்' என்னும் அவருடைய ஹாம்சன் மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்த தமிழ் எழுத்தாளர்களை எண்ணினால், அந்த இழப்பு ஈடுசெய்யப்பட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே முதல் வரைவு, அதாவது கதையைக் கடைசிவரை ஒருமுறை எழுதிப் பார்க்கும் கட்டம், நடந்துகொண்டிருக்கும்போது செய்யுளோ வரலாறோ பயணநூலோ படிப்பதும், அது முடிந்து செப்பனிடத் தொடங்குமுன் சில வாரங்கள் எழுத்தைத் தொடாமல் நல்ல நாவல்களில் தோய்வதும் வேலைக்குச் செல்கிறவருக்குப் பொருந்தும் ஏற்பாடாகும். அந்த இடைவெளியில் கைப்படி ஆறிப்போய், பிறருடைய எழுத்தைப் படிப்பதுபோலத் தம்முடையதைப் படித்துக் குறை காண முடிகிறது.

இதற்கு நூல்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு (அன்றைய சென்னை மாகாணம்). 1948ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ஆனால் இரண்டாம் ஷிப்டு முடிந்து இரவு பத்து மணிக்குமேல் பேருந்தைவிட்டு இறங்குகிறவருக்குக் கிளை நூலகத்தின் கதவு திறந்திருப்பதில்லை. ஆலைகள் இரவும் பகலும் ஓடும் இந்த வட்டாரத்திலாவது, சில நூலகங்களை ஷிப்டு நேரத்துக்கு ஏற்பத் திறந்து வைக்க நூலகத் துறை முன்வர வேண்டும்.