மடிக் கிட்டார்

கிட்டார் என்றவுடன் தோளில் வாரை மாட்டிக்கொண்டு நின்றபடி வாசிக்கும் ஒருவரின் உருவம் உங்கள் மனத்தில் தோன்றும். மடியில் படுக்கவைத்து வாசிக்கும் கிட்டாரும் ஒன்று உண்டு. அதனை வாசிப்பவர் இடக்கை விரல்களால் கம்பிகளை அழுத்துவதில்லை. வழவழப்பான எஃகுத் துண்டு ஒன்றைக் கம்பிகளின்மீது வைத்து நகர்த்துவார். அது நகரும் வழியெல்லாம் ஒலியும் வழுக்கிக்கொண்டே செல்லும். ஆங்கிலத்தில் இதனை லேப் ஸ்டீல் கிட்டார் என்பர். நம் நாட்டில் ஹவாயன் கிட்டார் என்னும் பெயரே பெருவழக்கு. இப்பாடத்தில் நாம் மடிக் கிட்டார் என்று அழைப்போம்.

பணிமாற்றம் பெற்றுக் கொல்கத்தாவுக்கு வந்த புதிதில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்திலிருந்து மாலைதோறும் இவ்வொலி கேட்கும். அங்கு வசித்த வங்கப் பெரியவர் ஒருவர் இரவீந்திர சங்கீதப் பாடல்களை இக்கருவியில் வாசிப்பார். வங்காளத்தில் இது புதுமையன்று; இரண்டு மூன்று தலைமுறைகளாகப் பல வீடுகளில் ஒலித்து வந்த கருவி.

அதே வேளையில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தேக்குச் சட்டம் ஒன்று சாய்ந்து கிடந்தது. ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பத்துப் பிள்ளைகளாகிய உங்களுக்குச் சரக்குந்துப் பயணத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. தஞ்சையில் என் தந்தையார் செய்வித்த கட்டில் மூன்று பணிமாற்றங்களைத் தாங்கியது. நான்காவதில் மூட்டு பிளந்துவிட்டது. மிஞ்சிய பக்கச் சட்டத்தை எறிய மனம் வரவில்லை. விடுமுறை நாள்களில் மரவேலை செய்வது என் பொழுதுபோக்கு. அதுவரை செய்தவை இரண்டு முக்காலிகளும் ஒரு புத்தகத் தட்டும். முக்காலிகளுள் ஒன்று இன்றும் ஆடுகிறது. இத்தகைய கைத்திறன் உடையவர் இசைக்கருவி செய்யத் துணியலாமா என்று நீங்கள் கேட்கலாம். மடிக் கிட்டாராக இருந்தால் துணியலாம். அதற்கான காரணத்தை அறிய, வீணையை நினைத்துப் பாருங்கள்.

வீணையின் தண்டியில் 24 மெட்டுகள் உண்டு. மெழுகின்மேல் ஒவ்வொரு மெட்டையும் உரிய இடத்தில் பதிக்கும் வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். ஒரு மெட்டு இம்மியளவு விலகினாலும் அந்தச் சுரம் பிழையாகும். அது பல்லாண்டுப் பயிற்சியில் வரும் திறன். மடிக் கிட்டாரிலோ மெட்டுகளே இல்லை. பலகையின்மீது கோடுகள் மட்டும் உண்டு. கம்பிகள் பலகையிலிருந்து உயர்ந்து நிற்பதால் அக்கோடுகளைத் தொடுவதும் இல்லை. சுரம் பிறக்கும் இடத்தை எஃகுத் துண்டு தீர்மானிக்கிறது. கோடு அதற்கு அடையாளம். உட்குடைவான குடமும் வேண்டுவதில்லை. நேரான, முறுக்கில்லாத, உறுதியான ஒரே பலகை போதும்.

இக்கருவியின் பிறப்பிடம் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகள். 1830களில் மெக்சிகோவிலிருந்து வந்த மாடு மேய்ப்போர் அங்குக் கிட்டாரைக் கொண்டுவந்தனர். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஓவாஹு தீவின் லாயி என்னும் ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்னும் பள்ளி மாணவர் கிட்டார்க் கம்பிகளின்மீது இரும்பை நகர்த்தி வாசிக்கும் முறையை வளர்த்தார். இந்தியாவிலிருந்து கடல்வழி அங்குச் சென்ற கேப்ரியல் டேவியன் என்பவர் அவருக்கும் முன்னரே அவ்வாறு வாசித்தார் என்று சொல்வோரும் உண்டு. 1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் ஹவாய் இசையைக் கேட்ட அமெரிக்க மக்கள் அதில் மயங்கினர்.

மரப்பெட்டிக் கிட்டாரின் ஒலி பெரிய அரங்குகளில் எடுபடவில்லை. அக்குறையைப் போக்க ஜார்ஜ் போஷாம் என்னும் இசைஞர் 1931இல் மின்சாரக் கிட்டார் ஒன்றை வடிவமைத்தார். ஒற்றை மரத்துண்டில் செதுக்கிய மாதிரி முதலில் உருவாயிற்று. பின்னர் அலுமினிய வார்ப்பில் விற்பனைக்கு வந்தது. உருண்டை உடலும் நீண்ட கழுத்துமாக வாணலியைப் போலத் தோன்றியதால் வறுவல்சட்டி என்னும் பட்டப்பெயரும் பெற்றது. விற்பனையில் வெற்றி கண்ட முதல் மின்சாரக் கிட்டார் இதுவே என்பது பலருக்கு வியப்பளிக்கும். தோளில் மாட்டும் மின்சாரக் கிட்டாரின் புகழெல்லாம் அதற்குப் பின்னர் வந்தது.

ஹவாய் இசைஞர் டாவ் மோ 1940களில் கொல்கத்தாவில் பல ஆண்டுகள் தங்கி வாசித்தும் கற்பித்தும் வந்தார். பின்னர் பிரிஜ் பூஷன் கப்ரா இந்துஸ்தானி இராகங்களை இக்கருவியில் வாசித்துக் காட்டினார். விஷ்வ மோகன் பட் தாம் மாற்றியமைத்த மோகன வீணைக்காக உலகப் புகழ் பெற்றார். 1994இல் கிராமி விருதும் அடைந்தார். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்லுதல் நம் இசையின் உயிர். ஆதலால் இக்கருவி இங்கு அந்நியமாகத் தோன்றவில்லை. தமிழ்நாட்டிலோ இதே முறையில் வாசிக்கும் கருவி வேறு வழியில் முன்பே இருந்தது. கோட்டுவாத்தியம் என்றும் சித்திரவீணை என்றும் அழைக்கப்படும் அதற்கு வீணையின் உருவம் உண்டு, மெட்டுகள் இல்லை. உருளையான கட்டையைக் கம்பிகளின்மீது நகர்த்தி வாசிப்பர். கலாட்சேத்திராவில் அதனைக் கற்பித்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் பெயரை உங்கள் தாத்தா பாட்டியர் அறிந்திருக்கக்கூடும்.

இனி வேலைக்கு வருவோம். பழைய கட்டில் சட்டத்தில் ஒரு நன்மை உண்டு. புதிய மரம் ஈரம் காயும்போது வளையும். பல்லாண்டுகள் காய்ந்த மரம் வளைய வேண்டிய அளவு வளைந்து முடித்திருக்கும். முதலில் அதில் இருக்கும் ஆணிகளை எல்லாம் பிடுங்கவேண்டும். ஓர் ஆணி மறைந்திருந்தாலும் இழைப்புளியின் வாய் மழுங்கிவிடும். பிறகு 80 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலத்தில் துண்டாக அறுத்துக்கொண்டேன்; கனம் 4 சென்டிமீட்டர். சட்டத்தின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனையை நோக்கினால் மேடு பள்ளம் தெரியும். மரநார் ஓடும் திசையிலேயே இழைக்கவேண்டும். எதிர்த்திசையில் இழைத்தால் செதிள் பெயரும். மேற்பரப்பு சமமாகும்வரை இழைப்பதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. உளி, வாள் முதலியவற்றை நீங்கள் பெரியவர்கள் துணையின்றித் தொடலாகாது. உளியின் முன்னால் எப்போதும் மறுகை இருத்தல் கூடாது.

கம்பியின் ஒலிக்கும் நீளம் இரண்டு பொருள்களுக்கு இடையில் அமைகிறது. தலைப்பக்கத்தில் இருப்பதைத் தலைத்தாங்கி என்று கொள்வோம். மறுபக்கத்தில் இருப்பது, வீணையில் உள்ளது போலவே, குதிரை. இரண்டையும் இரும்புக் கடையில் கிடைக்கும் எல் வடிவ அலுமினியப் பட்டையில் அறுத்தேன். இரண்டின் உயரமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆறு கம்பிகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். எஃகுத் துண்டு நேரானது ஆதலால் ஒரு கம்பி தாழ்ந்தாலும் அதன்மீது படியாது. நான் இரண்டுக்கும் இடைத் தொலைவை 600 மில்லிமீட்டராகக் கொண்டேன்.

தலைத்தாங்கிக்கு அப்பால் உள்ள பகுதியைக் கனம் குறையும்படி அறுத்துத் தாழ்த்தினேன். பிரடைகளைப் பொருத்த அது தேவை. கம்பி தலைத்தாங்கியைத் தாண்டியதும் கீழ்நோக்கி இறங்கினால்தான் அதன்மீது அழுந்தி நிற்கும். இல்லாவிடில் அதிர்ந்து இரையும். பிரடைகள் திருகுப்பல் உடையவை, கடையில் வாங்கினேன். ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 50 கிலோ எடைக்கு ஈடாகும். கழுத்தை ஒட்டவைத்த கிட்டார்கள் காலப்போக்கில் வளைவது அதனால்தான். நம் கருவியில் உடலும் கழுத்தும் ஒரே கட்டை, வளைய இடமில்லை.

ஒலியை எடுப்பது ஒரு காந்தச் சுருள். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். அதற்கு மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது; மாறும் புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் ஃபாரடேயின் விதியே இது. அம்மின்னோட்டம் ஒலிபெருக்கியை அடைந்து மீண்டும் ஒலியாகிறது. குதிரைக்கு அருகில் உளியால் குழி வெட்டிச் சுருளை அதனுள் இறக்கினேன். குழி சற்றுப் பெரிதாகிவிட்டது. ஒரு மரச்சிம்பை இடுக்கில் செருகிச் சரிசெய்தேன்.

இறுதியில் கோடுகள். ஒரு கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அடுத்த மேல் ஸ்தாயி கிடைக்கும். அவ்விடைவெளியில் 12 அரைச்சுரங்கள் அடங்கும். முதல் கோட்டின் தொலைவை அறிய மொத்த நீளத்தை 17.817 என்னும் எண்ணால் வகுக்கவேண்டும். 600ஐ வகுத்தால் 33.7 மில்லிமீட்டர். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி. இவ்வாறு போகப்போக இடைவெளி குறுகும். ஐந்தாம் கோடு 150.5இல் விழும். ஏழாம் கோடு 199.5இல் விழும். பன்னிரண்டாம் கோடு மிகச் சரியாக 300இல், நடுவில், விழவேண்டும்.

நான் ஒவ்வோர் இடைவெளியையும் முந்தைய கோட்டின் விளிம்பிலிருந்து அளந்து தச்சர் பென்சிலால் கோடிட்டேன். அதன்மேல் அரக்கு மெருகை இரண்டு முறை பூசினேன். தேக்கு தேன் நிறத்தில் மின்னிற்று. கம்பிகளை ச, ப, ச, க, ப, ச என்னும் வரிசையில் சுருதி கூட்டினேன். எஃகுத் துண்டு ஆறு கம்பிகளையும் ஒருசேரத் தொடும். ஆகவே அழுத்தாத நிலையிலேயே அவை ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்கவேண்டும். பின்னர்க் கருவியைக் கீழ்த்தளத்துப் பெரியவரிடம் கொண்டு சென்றேன்.

அவர் அதனை மடியில் வைத்துச் சன்னல் பக்கம் பார்த்தபடியே வாசித்தார். பாட்டு இனிமையாக இருந்தது. ஆனால் மேல் ஸ்தாயிச் சட்சமத்தை அடைந்தபோது எஃகுத் துண்டு பன்னிரண்டாம் கோட்டின்மீது நிற்கவில்லை. அதற்குச் சற்று முன்னரே நின்றது. மெட்டுள்ள கிட்டாரில் விரல் மெட்டுக்குப் பின்னால் அழுத்தும். மடிக் கிட்டாரிலோ எஃகின் நடுப்பகுதி கோட்டுக்கு நேர் மேலே வரவேண்டும். பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரோ நான் நினைத்ததை அறிந்தவர் போல, கோட்டை விரலால் தட்டி, “மாஸ்டர் மோஷாய், இதை அளந்து பாருங்கள்” என்றார்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். நடுவில் இருக்கவேண்டிய கோடு 305 மில்லிமீட்டரில் இருந்தது. பிழை எங்கு நேர்ந்தது என்பதை நீங்களே கண்டுபிடிக்க முயலுங்கள். பென்சில் கோட்டுக்கும் தடிப்பு உண்டு. ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் தடிப்புள்ள கோட்டின் அப்பக்க விளிம்பிலிருந்து அடுத்த இடைவெளியை அளந்தால் அத்தடிப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரு கோட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டு கோடுகளில் 5 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. கணக்கில் தவறில்லை, அளந்த முறையில் தவறு. எல்லாத் தொலைவுகளையும் முன்னரே கூட்டி எழுதிக்கொண்டு, அளவுகோலை நகர்த்தாமல் தலைத்தாங்கியிலிருந்தே ஒவ்வொன்றையும் குறித்திருக்கவேண்டும்.

மாற்றுக் கட்டை இல்லை. தந்தையாரின் கட்டிலில் எஞ்சியது அது ஒன்றுதான். அன்று இரவு அதனை மீண்டும் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். இதுவே வீணையாக இருந்து, மெட்டுகளை இவ்வாறு பதித்திருந்தால் ஒரு பாட்டும் தேறியிருக்காது என்பது இரண்டு நாள்கள் கழித்தே உறைத்தது. கருவிக்குக் குறை ஒன்றும் நேரவில்லை. பெரியவர் அதில் பிழையின்றி வாசித்தாரே! கோடுகளை நம்பி வாசிக்கும் என்னைப் போன்ற தொடக்கநிலையினருக்குத்தான் இடர்.

கம்பிகளைக் கழற்றி, உப்புத்தாளால் மெருகையும் கோடுகளையும் தேய்த்தெடுத்தேன். கூர்மையான கத்திமுனையால், மூலைமட்டத்தை அணைத்து, மெல்லிய கோடுகளை இட்டேன். முதலில் பன்னிரண்டாம் கோட்டைக் குறித்து, அதிலிருந்து குதிரைவரை உள்ள தொலைவும் 300தானா என்று சரிபார்த்த பின்னரே மற்றவற்றைத் தொட்டேன். மூன்றாம் நாள் பெரியவர் வாசித்தபோது நான் எஃகுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போலச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு கோட்டின்மீது நின்றது.

புதிய கோட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் அப்பால் பழைய பென்சில் கோட்டின் சாயல் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. தேக்கின் நாருக்குள் கரி இறங்கிவிட்டது. மேலும் தேய்த்தால் அவ்விடத்தில் பள்ளம் விழும் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.