இணையச் சந்தையின் நிபந்தனை சட்டத்துக்கு மேலானதா?

புர்கா, அத்தர், தின்பண்டம் என்று நம் குடும்பங்களில் பலர் இணையச் சந்தைகளில் விற்று வருகிறார்கள். கணக்குத் தொடங்கும்போது நிபந்தனைகளைப் படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்திவிடுகிறோம். பின்னர் விற்ற பணம் நிறுத்தப்பட்டால், ‘நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்’ என்ற பதில் வருகிறது.

அது பாதிதான் உண்மை. கமிஷன், திரும்பி வந்த சரக்குக்கான பிடித்தம் போன்றவை பொதுவாக நம்மைக் கட்டுப்படுத்தும். ஆனால், ஒப்பந்தம் சட்டத்தை மீற முடியாது. நீதிமன்றம் செல்லும் உரிமையை அடியோடு பறிக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. வரவேண்டிய பணத்துக்கு வழக்குத் தொடர பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு. ‘30 நாளில் கேட்காவிட்டால் உரிமை போய்விடும்’ என்று எழுதி அதைக் குறைக்க முடியாது.

இரண்டு நிபந்தனைகளை மட்டும் கவனமாகப் படியுங்கள். தகராறை நடுவரிடம் தீர்க்க வேண்டும் என்பது செல்லும். ஆனால் அந்த ஒரே நடுவரை நிறுவனமே தன்னிச்சையாக நியமிக்கக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வழக்கை விசாரிக்க அதிகாரமுள்ள ஊர்களில் ஒன்றை மட்டும் குறிப்பதும் செல்லும். அது தொலைதூர ஊராக இருந்தால் அலைச்சல் நமக்குத்தான்.

எனவே பில், கூரியர் ரசீது, மின்னஞ்சல்களைப் பத்திரப்படுத்துங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கிடைக்கும். சகோதரிகள் தயங்காமல் அணுகலாம்.