இரட்டைப் பட்டமும் நமது கணக்கும்

கிளேட்டனிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமும் கலையும் இணைந்த இரட்டைப் பட்டத்துக்கு மகள் விண்ணப்பித்தபோது, "மூன்றும் மூன்றும் ஆறு வருடமல்லவா?" என்றேன். நான்குதான். ஒவ்வொரு பட்டத்திலும் விருப்பப் பாடங்களுக்கென விடப்படும் இடத்தை மற்றைய பட்டத்தின் பாடங்கள் நிரப்பிவிடுகின்றன.

கலைப் பட்டத்தை நம்மவர் தொழிற்பட்டத்தின் வாலாகவே மதிக்கிறோம். அரசின் கணக்கோ வேறு. கட்டணம் பட்டத்துக்கல்ல, பாடத்துக்கு: 2021இல் முழு ஆண்டுக்கான மாணவர் பங்களிப்பு கணிதத்துக்கு 3,950 டொலர், வரலாற்றுக்கு 14,500! (மொழிப் பாடங்கள் மட்டும் கணிதத்தின் வரிசையில் தப்பிவிட்டன.)

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் தமிழும் வானியலும் சேர்த்தே கற்பிக்கப்பட்டன. அங்கு படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் சட்டமும் படித்தார். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவருக்கு எது வால்?

மகள் கணிதத்தோடு வரலாற்றையே எடுத்திருக்கிறாள்.