பழைய பேப்பர் கட்டிங் உண்மையா, போலியா? மூல ஆவணத்தை மொபைலிலேயே தேடுவது எப்படி?

"1922-ல் குடி அரசு பத்திரிகையில் வந்த செய்தி" என்று ஒரு மங்கலான பேப்பர் கட்டிங் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. பார்க்கப் பழசாகத்தான் இருக்கிறது. ஆனால் குடி அரசு தொடங்கப்பட்டதே 1925-ல்தான். அந்த ஒரு தகவல் தெரிந்தால் போதும், கட்டிங் போலி என்று சொல்லிவிடலாம்.

எல்லா ஃபார்வர்டும் இவ்வளவு சுலபமாக மாட்டிக்கொள்வதில்லை. அதற்குத்தான் மூல ஆவணத்தைத் தேடிப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கு மட்டுமல்ல, போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் இப்போது இது தேவைப்படுகிறது.

மூல ஆவணம் என்றால் என்ன?

ஒரு சம்பவம் நடந்த காலத்திலேயே உருவானது மூல ஆவணம். 1937-ல் தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை எடுத்துக்கொள்வோம். அன்றைய நாளிதழ்கள், அரசாணைகள், போலீஸ் அறிக்கைகள், துண்டறிக்கைகள், கடிதங்கள் எல்லாம் மூல ஆவணங்கள். அதைப் பற்றி இன்றைக்கு ஒருவர் எழுதும் புத்தகமோ யூடியூப் வீடியோவோ இரண்டாம் நிலைதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூல ஆவணத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று அர்த்தம் இல்லை. ஒரே ஊர்வலத்தைப் போலீஸ் அறிக்கை ஒரு மாதிரி சொல்லும், இயக்கப் பத்திரிகை வேறு மாதிரி சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

எங்கே தேடலாம்?

* தமிழ் மின்னூலகம்: தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்துவது. பழைய நூல்கள், இதழ்கள், ஓலைச்சுவடிகளின் ஸ்கேன் பிரதிகளை இலவசமாகப் பார்க்கலாம்.

* ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்: கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவைதான் இதன் அடித்தளம். அவர் 1992-ல் மறைந்தபின் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. ஆனால் கடல் தாண்டிக் கொண்டுபோகவில்லை. 1994-ல் சென்னையிலேயே நூலகம் உருவானது. புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் போன்றவையும் இங்கே உண்டு.

* அழிநிலை ஆவணங்கள் திட்டம்: பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்துவது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தமிழ்க் கிராமங்களின் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களை இதன்கீழ் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள்.

* நூலகம்: இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் முதலில் போக வேண்டிய இடம். 2005-ல் தொடங்கியது.

* ஷோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கும் தளம். ஆய்வேடு மூல ஆவணம் ஆகாது. ஆனால் அதன் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டே போனால், எந்த ஆவணம் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தேடினால் கிடைக்கவில்லையே, ஏன்?

பெரும்பாலான பழைய தமிழ்ப் புத்தகங்கள் படமாகத்தான் ஏற்றப்பட்டிருக்கின்றன. அதனால் உள்ளே இருக்கும் வரியைத் தேட முடியாது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றை வைத்துத்தான் தேட வேண்டும். "தேடினேன், வரவில்லை" என்பதால் "அப்படி ஒன்று இல்லவே இல்லை" என்று முடிவுகட்ட முடியாது.

எழுத்துக்கூட்டலும் படுத்தும். சுதேசமித்திரன் என்று தேடி வரவில்லையா? ஸ்வதேசமித்ரன் என்றும் போட்டுப் பாருங்கள்.

ஆண்டு இன்னொரு சிக்கல். பழைய அட்டைகளில் "விரோதி வருஷம்" என்று மட்டும் இருக்கும். தமிழ் ஆண்டுப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். அதனால் அது 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், விலை, விளம்பரம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும்.

எழுத்தே காட்டிக்கொடுக்கும்

லை, ணை, னை ஆகிய எழுத்துகள் முன்பு யானைத் துதிக்கை மாதிரியான கொம்போடு அச்சாகின. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபின்தான் இன்றைய வடிவம் பொதுவானது. ஆகவே 1940-ம் ஆண்டு கட்டிங்கில் இன்றைய 'லை' இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. பெரியார் 1935-லேயே தன் குடி அரசு இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். எந்தப் பத்திரிகை என்று பார்க்காமல் தீர்ப்பு சொன்னால், உண்மையான கட்டிங்கைப் போலி என்று சொல்லிவிடுவோம்.

ஆன்லைனில் இருந்தால் பத்திரமா?

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அதில் போயின. வேறு எங்கும் பிரதி இல்லாதவை போனது போனதுதான். டிஜிட்டல் பிரதி ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதே நேரம், டிஜிட்டலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் மீது சைபர் தாக்குதல் நடந்தது. அதன் ஆன்லைன் சேவைகள் பல மாதம் முடங்கின. அசல் ஆவணங்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. இணைப்பை மட்டும் குறித்து வைத்திருந்த ஆய்வாளர்கள்தான் தவித்தார்கள்.

அதனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

* இணைப்போடு சேர்த்து இதழின் பெயர், தேதி, பக்க எண், நூலகத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* ஒரு வரியை மட்டும் பார்க்காமல் முழுப் பக்கத்தையும் படியுங்கள். முன்னும் பின்னும் வெட்டிவிட்டால் அர்த்தமே மாறிவிடும்.

* ஆன்லைனில் கிடைக்காவிட்டால், பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்திலோ எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ அனுமதி விதிகளைக் கேட்டு நேரில் போங்கள். ஸ்கேன் ஆகாத ஆவணங்கள் இன்னும் எவ்வளவோ கட்டுக்கட்டாக இருக்கின்றன.

அடுத்த முறை பழைய கட்டிங் ஒன்று வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால் மூன்று கேள்வி: எந்த இதழ்? எந்தத் தேதி? எந்தப் பக்கம்? அனுப்பியவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அது உங்கள் போனோடு நிற்கட்டும்.