பிறந்தநாளும் கிழிஞ்ச புத்தகமும்

இப்பல்லாம் பிறந்தநாள்னா ஒரு 'தீம்' இருக்கணும். ஸ்பைடர்மேன், எல்சா, சோட்டா பீம், டைனோசர்னு ஏதாவது ஒண்ணு. பலூன், பேனர், கேக், காகிதத் தட்டு எல்லாத்துலயும் அதே முகம். கொஞ்ச காலமா இந்த வரிசையில புத்தகமும் சேர்ந்திருக்கு. குழந்தைக்குப் பிடிச்ச கதைப் புத்தகத்தை மையமா வச்சு விழா. நல்ல யோசனைதான். ஆனா பல வீடுகள்ல என்ன நடக்குதுன்னா, அட்டைப்படத்தைப் பெரிசா பிரிண்ட் போட்டுச் சுவர்ல ஒட்டி, அதே படத்தை கேக் மேலயும் போட்டு, அன்னிக்கு முழுக்கப் புத்தகத்தை யாரும் திறக்கறதே இல்லை. ஸ்பைடர்மேன் இருந்த இடத்துல ஒரு கம்பளிப்புழு வந்து உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்.

புத்தகத்தை வைத்து ஒரு பிறந்தநாளை உருப்படியாக எப்படி நடத்தலாம் என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், புத்தகத்திலிருந்து படத்தை எடுக்காமல், கதையில் நடப்பதை எடுக்க வேண்டும். கதாபாத்திரம் சாப்பிட்டால் குழந்தைகளும் சாப்பிடட்டும், ஒளிந்தால் ஒளியட்டும்.

முதல் கேள்வி, எந்தப் புத்தகம்? பதில் வீட்டிலேயே கிடக்கும். முதுகு கழன்று, செலோடேப் ஒட்டி, நடுப்பக்கத்தில் சாம்பார்க் கறையோடு எது இருக்கிறதோ அதுதான். பெற்றோர் தடுமாறுவது இங்கேதான். "அதையே எத்தனை தடவை? பிறந்தநாளைக்காவது நல்ல புத்தகமா எடுப்போமே" என்று தலைவர்கள் வரலாறு, பொது அறிவு, நீதிக்கதை பக்கம் போய்விடுவார்கள். அப்படிப் போனால் அது அப்பா அம்மாவுக்குப் பிடித்த புத்தகத்தின் விழா ஆகிவிடும். குழந்தைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

திரும்பத் திரும்ப ஒரே கதையைக் கேட்பது வீண் இல்லை என்பதற்கு ஒரு ஆய்வும் இருக்கிறது. 2011ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வார காலத்தில் சில குழந்தைகளுக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகள். கதைகளில் வரும் புதிய சொற்கள் காதில் விழுந்த எண்ணிக்கை இரண்டு பக்கமும் சமம். அந்தச் சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தது ஒரே கதையைக் கேட்டவர்கள்தான். சின்ன ஆய்வு, இதை வைத்து மலையைப் புரட்ட முடியாது. ஆனால் வீட்டில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. முதல் தடவை குழந்தையின் கவனமெல்லாம் 'அப்புறம் என்ன ஆச்சு'வில் போய்விடுகிறது. நாலாவது தடவைதான் சொல்லைப் பார்க்கவும், படத்தின் மூலையில் இருக்கும் பூனையைக் கவனிக்கவும் நேரம் கிடைக்கிறது.

சரி, கதையில் நடப்பதை எடுப்பது என்றால் எப்படி? எரிக் கார்ல் 1969ல் வெளியிட்ட, பசி அடங்காத கம்பளிப்புழுவின் கதையைப் பார்ப்போம். திங்கள் ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம்ஸ், வியாழன் நாலு ஸ்ட்ராபெரி, வெள்ளி ஐந்து ஆரஞ்சு. சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய், தர்பூசணி என்று பத்து விதமானதைத் தின்று வயிற்றுவலி. ஞாயிறு ஒரே ஒரு பச்சை இலை, வலி போய்விடுகிறது. பிறகு கூடு, பிறகு பட்டாம்பூச்சி. புழு தின்ற இடத்தில் எல்லாம் பக்கத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். காகிதத்தில் துளை போடும் பஞ்சிங் மெஷினை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் இந்த எண்ணமே வந்தது என்று கார்ல் சொல்லியிருக்கிறார். முதலில் அது வெறும் புழுவாக இருந்ததாம். கம்பளிப்புழுவாக மாற்றலாமே என்று சொன்னவர் அவருடைய பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ். அந்த ஓட்டைகளையும் வெவ்வேறு அகலப் பக்கங்களையும் கட்டுப்படியாகும் விலையில் அச்சிட அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல், முதல் பதிப்பை ஜப்பானில் அச்சிட்டார்கள்.

இந்தக் கதையில் விருந்து, விளையாட்டு இரண்டும் ரெடியாக இருக்கிறது. என் தங்கை மகளின் நாலாவது பிறந்தநாளுக்கு இதைத்தான் செய்தோம். மேஜையில் ஏழு தட்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் கிழமையின் பெயர். பிளம்ஸுக்குப் பதில் நாவல் பழம், ஸ்ட்ராபெரிக்குப் பதில் திராட்சை. (சின்னப் பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் கொடுக்கணும், முழுசா கொடுத்தா தொண்டையில சிக்கும்.) சனிக்கிழமைத் தட்டில் முறுக்கு, ஜிலேபி, குட்டி போண்டா என்று பத்து வகை, எல்லாமே ஒரு வாய் அளவு. ஞாயிற்றுக்கிழமைக்குக் கொழுந்து வெற்றிலை. அதை வைக்கச் சொன்னது அம்மா. வயிற்றுவலிக்குப் பச்சை இலை என்று கதை சொல்கிறது, விருந்து முடிந்தால் வெற்றிலை என்று நம்ம வீட்டில் சொல்கிறார்கள், ரெண்டும் ஒண்ணுதானேன்னாங்க. அப்புறம் போர்வைக்குள் சுருண்டு படுத்து, எண்ணி முடிந்ததும் உதறிக்கொண்டு பட்டாம்பூச்சியாக வெளியே ஓடுவது. பத்துக் குழந்தைகளும் ஆளுக்கு மூன்று முறை கேட்டு வாங்கிச் செய்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் புத்தகமே தெரியாது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் உட்கார வைத்துக் கதையைத் தமிழில் சொல்லிவிட வேண்டும். கேக் வெட்டுவதற்கு முன்னால். வெட்டின பிறகு ஒரு பிள்ளையும் உட்காராது.

ஏ.ஏ. மில்னின் 'வின்னி த பூ' (1926) புத்தகத்தில் ஒரு பிறந்தநாள் அத்தியாயமே இருக்கிறது, ஆறாவது. ஈயோர் என்ற கழுதைக்குப் பிறந்தநாள், யாருக்கும் ஞாபகம் இல்லை. பூ கரடி ஒரு ஜாடி தேன் எடுத்துக்கொண்டு கிளம்பி, வழியிலேயே தேனைத் தின்றுவிடுகிறது. பிக்லெட் பலூனோடு ஓடி வந்து விழுந்து, பலூன் வெடித்துவிடுகிறது. கடைசியில் கழுதைக்குக் கிடைப்பது ஒரு காலி ஜாடியும் ஒரு பலூன் கந்தலும். அது அந்தக் கந்தலை ஜாடிக்குள் போடுகிறது, எடுக்கிறது, மறுபடி போடுகிறது. ரொம்ப சந்தோஷம் அதற்கு. எந்தப் பிறந்தநாளிலும் ஒரு பலூனாவது வெடிக்கும், ஒரு பிள்ளையாவது அழும். அந்த நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரிந்து இல்லை. கூடவே ஒரு தகவல்: மில்னின் மகன் கிறிஸ்டோபர் ராபினுக்கு 1921 ஆகஸ்ட் 21 அன்று, முதல் பிறந்தநாளுக்கு, லண்டன் ஹாரட்ஸ் கடையில் வாங்கிக்கொடுத்த பொம்மைதான் அந்தக் கரடி.

எட்டு ஒன்பது வயதுக்கு மேல் போர்வைக்குள் சுருளச் சொன்னால் முறைப்பார்கள். அந்த வயசுக்கு 'டோட்டோ-சான்' இருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழிலும் வந்த புத்தகம். ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த டோமோயி பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு விதி: டிபன் டப்பாவில் கடலில் கிடைப்பதும் இருக்க வேண்டும், நிலத்தில் விளைவதும் இருக்க வேண்டும். யார் டப்பாவில் எது குறைகிறதோ அதைத் தலைமை ஆசிரியர் கோபயாஷியும் அவர் மனைவியும் கூடவே வந்து பரிமாறுவார்கள். வரும் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு டப்பா கொண்டுவரச் சொல்லிவிட்டு, குறைவதை வீட்டில் சமைத்து வைத்தால் போதும். சைவ வீட்டில் கடலுக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். உப்பு எங்கிருந்து வருதாம்?

அடுத்து ரிட்டர்ன் கிஃப்ட். இது இப்போது கட்டாயச் செலவாகிவிட்டது. பென்சில் பாக்ஸ், பிளாஸ்டிக் பாட்டில் கொடுப்பதற்குப் பதில் ஒரு கதைப் புத்தகம் கொடுக்கலாம், அதுவும் கையைக் கடிக்காமல். பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியாவதால், எழுதியவர் வரைந்தவர் பெயரோடு பதிவிறக்கி அச்சிட்டுக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து நடுவில் ஸ்டேப்ளர் அடித்தால் புத்தகம். வயது தெரியாத பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்று குழம்பினால், தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சின்னப் புத்தகங்களைப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி வைத்திருக்கிறார்கள். வகுப்பை வைத்துப் பிரிக்காமல் வாசிக்கும் திறனை வைத்துப் பிரித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 'நுழை'யிலும் இருக்கலாம், அதில் ஒரு அவமானமும் இல்லை.

வீட்டை விடப் பள்ளிக்கூடத்தில் விஷயம் கொஞ்சம் கனமானது. கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுப்பது நம் ஊர் வழக்கம். யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான வழக்கம், பிறந்தநாள்காரர்தான் கொடுக்கிறார். டோல்கீன் கதைகளில் வரும் ஹாபிட்களும் இப்படித்தான், தங்கள் பிறந்தநாளில் மற்றவர்களுக்குப் பரிசு கொடுப்பார்கள். பல பள்ளிகள் இப்போது மிட்டாய்க்குப் பதிலாக வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுங்கள் என்கின்றன. வரவேற்கிறேன், ஆனா ஒரு கண்டிஷனோட.

மிட்டாய் விஷயத்திலேயே பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். யார் ஒரு ரூபாய் மிட்டாய் கொடுத்தது, யார் டெய்ரி மில்க் கொடுத்தது, யார் பிறந்தநாள் அன்றைக்கு லீவு போட்டது. லீவு போடும் பிள்ளைக்கு எப்போதும் காய்ச்சலாக இருக்காது. புத்தகமாக மாற்றும்போது புதுப் புத்தகம்தான் வேண்டும் என்று கேட்டால் அதே கணக்கு இன்னும் பெரிய தொகைக்குப் போகும். அதனால் வீட்டில் படித்து முடித்த பழைய புத்தகம் போதும் என்று ஆசிரியரே சொல்லிவிட வேண்டும். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளை, வகுப்பு நூலகத்திலிருந்து தனக்குப் பிடித்ததை எடுத்து அன்றைக்கு எல்லோருக்கும் வாசித்துக் காட்டலாம். அதுவும் கொடுப்பதுதான். இதற்கும் ஹாபிட்களிடம் முன்மாதிரி உண்டு. அவர்கள் கொடுக்கும் பரிசுகள் பெரும்பாலும் புதுசு இல்லை, ஊருக்குள்ளேயே கை மாறி மாறிச் சுற்றி வருபவை. அதற்கு 'மாதம்' என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள் (நம்ம மாதம் இல்ல).

இன்னொன்று, கொடுத்த புத்தகம் எங்கே போகிறது என்று பார்க்கணும். தலைமை ஆசிரியர் அறை பீரோவுக்குள் போய்ப் பூட்டு விழுந்தால், மிட்டாயே மேல், அதையாவது யாராவது தின்றிருப்பார்கள். வகுப்பறையில் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் கை எட்டும். கிழியும்தான். கிழியட்டும், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

பிறந்தநாளுக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவில் எனக்கு மிகவும் நெருக்கமானது நேருவின் 'உலக சரித்திரம்'. 1930 அக்டோபர் 26, இந்திராவுக்குப் பதிமூன்றாவது பிறந்தநாள். ஆங்கிலத் தேதிப்படி நவம்பர் 19தான். வீட்டில் சம்வத் பஞ்சாங்கப்படி கணக்கிட்டதில் அந்த வருஷம் அக்டோபரில் வந்தது. அப்பா நைனி மத்திய சிறையில். வழக்கமாக வரும் பரிசு இந்த முறை வராது, ஜெயிலிலிருந்து என்னத்தை அனுப்ப முடியும்? கடிதம் எழுதினார். புத்தகத்தின் முதல் கடிதம் அதுதான். இடையில் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், 1933 வரை மொத்தம் 196 கடிதங்கள். கையில் நூலகம் இல்லாமல், எடுத்து வைத்திருந்த குறிப்புகளையும் நினைவையும் வைத்து எழுதியவை. தமிழில் ஓ.வி. அளகேசன் மொழிபெயர்ப்பில் வந்தது. வரலாற்று நூலாக அதில் குறை சொல்ல இடம் உண்டு, சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் அது ஒரு பிறந்தநாளுக்கு வாங்க முடியாமல் போன பரிசின் இடத்தில் தொடங்கியது என்பதை மறந்துவிட்டு அதைப் படிக்க எனக்கு முடிவதில்லை.

நமக்கு 196 வேண்டாம், வருஷத்துக்கு ஒரு பக்கம் போதும். அந்தக் கிழிந்த புத்தகத்தின் பின்னட்டை உட்பக்கம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அங்கே தேதி போட்டு எழுதி வையுங்கள்: இந்த வருஷம் எந்தப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள், எந்தச் சொல்லைத் தப்பாகச் சொன்னாள், தாத்தா வாசித்தால் மட்டும் ஏன் சிரித்தாள். அடுத்த வருஷம் வேறு புத்தகம் கேட்டால் அதில் எழுதலாம். என் தங்கை வீட்டுப் பிரதியில் 'கம்பளிப்புழு' இன்னும் 'கம்புளிப்புளு'வாகத்தான் இருக்கிறது, பென்சிலில்.