அலைச்சறுக்கும் வெயிலும் நமது தோலும்

சுங்குவார்சத்திரத்துக்குக் கடல் கிடையாது. ஏரியும் நெல்வயலுமாக இருந்து, இப்போது தொழிற்சாலை மதில்களுக்கும் பணியாளர் விடுதிகளுக்கும் இடங்கொடுத்துவிட்ட இந்த ஊரில், வாரத்தின் ஆறு நாட்களும் கூரைக்கடியில் நின்று மோட்டார் வண்டிகளுக்கும் வீட்டுச் சாதனங்களுக்கும் உறுப்புப் பூட்டுகிற வாலிபர்கள், விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸில் ஏறி இருட்டிய பின் இறங்குகிறவர்கள், விடுமுறை நாளில்தான் சூரியனை நன்றாகக் காண்கிறார்கள். அவர்களுள் சிலர் அந்த ஒரு நாளையும் உறங்கிக் கழிக்க மனமின்றி, ஒரகடம், படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக இருசக்கர வண்டியில் கோவளம் சென்று, வாடகைக்குப் பலகை எடுத்து, அலைச்சறுக்குப் பழகுகிறார்கள். வாரமெல்லாம் வெயில் படாத தேகம் ஒரே நாளில் பல மணி நேரம் கடல்மேல் கிடந்தால் என்ன ஆகும், தோலில் புற்றுநோய் வருமா, வராமலிருக்க எதைப் பூசிக்கொள்வது என்பன போன்ற கேள்விகளை இப்போது அடிக்கடி கேட்க முடிகிறது. நியாயமான கேள்விகள், ஆனால் அவற்றுக்குக் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் வேறு தேசத்தில், வேறு தோலுக்காக எழுதப்பட்டவை.

இந்த விளையாட்டு நமது கரையில் வேரூன்றி அதிக காலம் ஆகவில்லை. கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று, கடலோரப் பிள்ளைகளுக்குப் பலகையேறக் கற்பித்த பள்ளியும், அங்கே 2013-ல் தொடங்கிய அலைச்சறுக்கு விழாவும் அதற்கு வித்திட்டன. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் அதே கரையில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். விளையாட்டு வந்த வழியிலேயே அதைப் பற்றிய அச்சமும் வந்தது.

அந்த அச்சம் பிறந்த இடம் ஆஸ்திரேலியா. ஆங்கிலேய வமிசத்தவரான வெளிறிய தோலுடைய மக்கள், தங்கள் மூதாதையர் அறியாத உக்கிர வெயிலில் குடியேறி, கடற்கரையையே தங்கள் வாழ்வின் முற்றமாக்கிக் கொண்டதன் பலனாக, அத்தேசத்தில் மூவரில் இருவர் எழுபது வயதுக்குள் ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியை வை என்று ஒரு கடற்காகச் சித்திரத்தின் வாயிலாக 1981-ல் அவர்கள் தொடங்கிய பிரசாரம் உலகப் பிரசித்தம். குயின்ஸ்லாந்து மாகாணத்து நாம்பூர் என்னும் சிற்றூரில், 1992 முதல் 1996 வரை, 1,621 பேரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரை நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசச் செய்து, மற்றவர்களை அவரவர் வழக்கப்படி விட்டுவைத்துப் பார்த்தபோது, நாள்தோறும் பூசியவர்களிடம் செதிட்செல் என்ற வகைத் தோல் புற்றுக் கட்டிகள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்திருந்தன. பின்னும் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், யாவற்றிலும் கொடிதான மெலனோமாவும் பாதியாகக் குறைந்திருந்தது. சன்ஸ்கிரீன் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு வைத்திய உலகம் காட்டுகிற மிக உறுதியான சான்று இது. இதில் பங்கு கொண்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதை மறவாமல் நாம் மேலே செல்ல வேண்டும்.

நமது தோலில் என்ன வேறுபாடு? மெலனின் என்ற கருநிறப் பொருளைச் செய்யும் அணுக்கள் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. கறுத்த தோலில் அவை செய்யும் துகள்கள் பெரியவை, மிகுதியானவை. மேல்தோல் உயிரணுக்களுக்குள் சென்று, உட்கருவின்மேல், வெயில் வரும் பக்கமாகப் பார்த்து, குடை விரித்தாற்போல் அவை கவிந்து நிற்கின்றன. சூரியனின் புறஊதாக் கிரணம் உட்கருவிலுள்ள மரபுப் பொருளைத் தாக்கிச் சிதைப்பதும், அந்தச் சிதைவு சரிவரச் செப்பனிடப்படாமல் ஆண்டாண்டாகச் சேர்வதுமே புற்றுக்கு மூலமாதலால், அந்தக் குடை சாமானியமான காப்பு அன்று. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1979-ல் கறுப்பினத்தவரின் மேல்தோலையும் வெள்ளையரின் மேல்தோலையும் ஒப்பிட்டு அளந்தபோது, முன்னதன் இயற்கைக் காப்பு, சன்ஸ்கிரீனின் காப்பு எண் கணக்கில், 13 என்ற அளவிலும் பின்னதன் காப்பு 3 என்ற அளவிலும் இருக்கக் கண்டனர். தமிழர் தேகம் இவ்விரண்டுக்கும் இடையே பல படிகளில் அமைந்தது. நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் தோல் புற்றுநோய் மிகச் சிறிய இடத்தையே பெறுவதற்கு இதுவே பிரதான காரணம்.

அப்படியானால் நமக்குத் தோல் புற்றுநோயே இல்லையா என்றால், உண்டு. அது வேறு வழிகளில் வந்தது. காஷ்மீரத்துக் குளிரில் கனல் நிரம்பிய காங்கிரிச் சட்டியை மேலங்கிக்குள் வைத்துக்கொள்கிறவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் வந்த புற்றை, அங்கே பணிபுரிந்த எல்ம்ஸ்லி என்ற வைத்தியர் 1866-லேயே எழுதி வைத்தார். பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் நோய்க்குறியியலை வளர்த்த கானோல்கர், வேட்டியை ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் இறுக முடிவதால் இடுப்புத் தோல் உராய்ந்து, நிறமிழந்து, புண்ணாகிப் பின் புற்றாவதை 1945-ல் விவரித்தார். உள்பாவாடை நாடா அழுந்தும் தடத்திலும் அதே நோய் பிற்காலத்தில் காணப்பட்டிருக்கிறது. தீக்காயத்தின் பழைய வடு பல ஆண்டுகள் கழித்துத் திடீரென வெடித்து ஆறாமற் போவதும், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் நிலையம் ஆராய்ந்து வருகிற குஷ்டரோகத்தால் உணர்ச்சியற்றுப்போன பாதத்தில் நெடுநாள் தங்கிய புண் புற்றாக மாறுவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. வெப்பம், உராய்வு, ஆறாத புண் இவையே நமது தேசத்துத் தோலுக்கு வழிவழியாக வந்த பகைகள். பட்டறையில் உலோகத் துளி தெறித்துச் சுட்ட இடம் மூன்று மாதமாகியும் ஆறவில்லை என்றால், கடற்கரைக்கே போகாத தொழிலாளியும் வைத்தியரிடம் போக வேண்டும்.

மெலனோமாவிலும் இதே வேறுபாடு. வெள்ளையருக்கு அது முதுகிலும் காலிலும், வெயில் தின்ற இடங்களில் வருகிறது. கறுத்த தோலினருக்கு வரும்போது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருவதே அதிகம். இவற்றுக்கும் சூரியனுக்கும் அதிக சம்பந்தமில்லை. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லி காற்பெருவிரலில் கண்ட கரும்புண்ணைப் பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் எண்ணினார். 1977-ல் அது மெலனோமா என்று தெரிந்தது. 1981-ல், முப்பத்தாறு வயதில், காலமானார். எந்தக் களிம்பும் அவரைக் காத்திராது. பாதத்தை ஒருவர் முன்னதாகவே உற்றுப் பார்த்திருந்தால் ஒருவேளை காத்திருக்கலாம். நாள் முழுதும் சேஃப்டி ஷூவுக்குள் காலை அடைத்து வைத்து, அறைக்கு வந்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் படுத்துவிடுகிற நம் ஊர் வாலிபர்கள் தங்கள் உள்ளங்காலை எத்தனை முறை பார்த்திருப்பார்கள்? அங்கே ஒரு கரும்புள்ளி ஓரம் ஒழுங்கற்றுப் பரவினாலும், ஒரே நகத்தில் மட்டும் கருங்கோடு தோன்றி அகன்று நகத்தின் அடித்தோலுக்கும் கறுப்பு ஏறினாலும், தாமதியாமல் தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஒரு சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி பரிசோதனையே இதைத் தீர்மானிக்கும். நமது நெடுஞ்சாலையிலேயே மேற்கே சென்றால் காஞ்சீபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயர் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பணமில்லை என்ற காரணத்தால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதனால் கடல் வெயிலை அலட்சியம் செய்யலாம் என்று யாரும் கொள்ளலாகாது. மெலனின் குடை தோலுக்கு உண்டு. கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு இல்லை. மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி மெல்ல ஏறுகிற சதை வளர்ச்சி, வெயிலிலும் காற்றிலும் வாழ்கிற மீனவரிடையே எவ்வளவு சகஜம் என்பதைக் கடலோரக் குப்பங்களில் முதியோர் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அறுத்தெடுத்தாலும் மீண்டும் வளரக் கூடியது அது. அலைச்சறுக்காளரின் கண் என்றே மேல்நாடுகளில் அதை அழைக்கிறார்கள். கண்புரை சீக்கிரம் வருவதற்கும் புறஊதாக் கிரணம் ஒரு காரணம். கீழுதடும் அவ்வாறே காப்புக் குறைந்த இடம்.

கடலில் இக்கிரணம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. காய்ந்த மணல் நூற்றுக்குப் பதினைந்து பங்கையும், அலைநுரை இருபத்தைந்து பங்கையும் திருப்பி எறிகின்றன. நீருக்குள் அரை மீட்டர் ஆழத்தில்கூட நாற்பது பங்கு எஞ்சியிருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மெல்லிய மேகம் அதைத் தடுப்பதில்லை. வெப்பத்தை நாம் உணர்கிறோம், ஆனால் புறஊதாவை உணர்வதற்கு நமக்குப் புலன் இல்லை. கடற்காற்று உடலைக் குளிர்விக்கக் குளிர்விக்க, நேரம் போவதே தெரியாமல் பாதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. அன்றியும் சென்னைக் கரைக்கு ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. கிழக்குக் கரையில் நல்ல அலை எழும்பும் காலமும் அந்த மாதங்களைச் சுற்றியே அமைகிறது.

இந்தக் கிரணத்தை அறியாதவர்கள் அல்லர் நம் ஊர்த் தொழிலாளிகள். சாலையோரத்து வெல்டிங் பட்டறையில் முகமூடியில்லாமல் ஒரு கணம் நெருப்பைப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் கண்ணில் மணல் கொட்டியது போலத் துடித்தவரைக் கேட்டால் தெரியும். அந்த வேதனையைச் செய்வது புறஊதாவேதான். சூரியனிடமிருந்து பூமியை எட்டாதபடி ஓசோன் படலம் தடுத்துவிடுகிற மிகக் கொடிய பகுதியும் வெல்டிங் சுடரில் உண்டு. சூரிய ஒளியைப் புற்றுக்குக் காரணம் என்று 1992-ல் வகைப்படுத்திய சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெல்டிங் ஒளியையும் 2017-ல் அதே முதல் வகுப்பில் சேர்த்தது. ஆகவே, வாரம் ஆறு நாட்களும் தோல் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை என்று ஒழுங்காக நடந்துகொள்ளும் ஒருவர், ஏழாம் நாள் வெற்றுடம்போடு பட்டப்பகலில் கடலில் இறங்குவதில் எனக்குச் சற்றும் சம்மதமில்லை.

செய்ய வேண்டியவற்றுள் முதலிடம் காலத்துக்கு. நமது நிழல் நம்மைவிடக் குட்டையாயிருக்கும் வேளையில் கிரணம் உக்கிரமானது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இக்கரையில் அது ஏறத்தாழ காலை 9 மணியிலிருந்து மாலை 3 மணி வரை. விடியற்காலையில் இறங்கி ஒன்பதுக்குள் கரையேறிவிட்டால் பாதிக்கு மேற்பட்ட காரியம் முடிந்தது. இரண்டாவது துணி. கழுத்து உயர்ந்த, முழுக்கையுள்ள, நெருக்கமாக நெய்த நீச்சல் சட்டை, களிம்பைப் போல வியர்வையிலும் நீரிலும் கரைந்து போவதில்லை. வெள்ளைப் பருத்திப் பனியன் நனைந்தால் காப்பை மிகவும் இழந்துவிடுகிறது, அடர்ந்த நிறமுள்ள செயற்கை இழைத் துணி அவ்வளவாக இழப்பதில்லை. மூன்றாவதுதான் சன்ஸ்கிரீன். ஒரு மனிதரின் தேகம் முழுதும் முறையாகப் பூசுவதற்கு 30 மில்லிலிட்டர் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பவும் பூச வேண்டும். கடையில் விற்கிற 50 மில்லிலிட்டர்க் குழாய் இரண்டு பூச்சுக்குக்கூடப் போதாதென்றால், தொழிலாளி ஒருவர் மாதம் எத்தனை குழாய் வாங்க முடியும்? முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் முகம், காது, பின்கழுத்து, உதடு, புறங்கை இவற்றுக்கு மட்டும் அதைச் செலவிடலாம். சன்ஸ்கிரீனின் காப்பு எண்களில், விலை உயர்ந்த 50 எண் கிரணத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கையும், 30 எண் தொண்ணூற்றேழு பங்கையும் தடுக்கின்றன. அந்த ஒரு பங்குக்காகக் கடன்பட வேண்டாம். துத்தநாக ஆக்ஸைடு கலந்த வெள்ளைப் பூச்சு பார்வைக்கு அழகில்லாவிட்டாலும் நன்றாக உழைப்பது.

நம் வீடுகளில் சன்ஸ்கிரீன் நோய்க்கு அஞ்சி வாங்கப்படுவதில்லை. கறுத்துவிடுவோம் என்று அஞ்சி வாங்கப்படுகிறது. அந்த அச்சத்தினாலேயே பெண் பிள்ளைகளைப் பலகையருகே விடாத தாய்மார்களும் இருக்கிறார்கள். வெயிலில் தோல் கறுப்பது மேற்கொண்டு வரும் தாக்குதலுக்கு எதிராக தேகம் தானே எழுப்புகிற காப்பு. அந்தக் காரணத்துக்காக ஒரு பெண்ணின் விளையாட்டைப் பறிப்பது பெரிய அநியாயம் என்றே நான் கருதுகிறேன். கூரைக்கடியிலேயே வாழ்வதால் வைட்டமின் டி குறைந்து எலும்பு வலிக்கிறவர்கள் நிறைந்த நாட்டில், காலைக் கடல் அப்பெண்களுக்கு நன்மையே செய்யும்.

வெயில் மெய்யாகவே எமனாயிருப்பது வேறு சிலருக்கு. மெலனின் செய்யும் ஆற்றலே இல்லாமல், வெண்முடியும் வெளிறிய கண்ணுமாகப் பிறக்கிற பிள்ளைகள் உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கமுள்ள நமது சமூகத்தில் ஆங்காங்கே இருக்கிறார்கள். மீனவக் குப்பத்தில் அப்படியொரு பிள்ளை பிறந்தால் அதன் வாழ்க்கை முழுதும் திறந்த வெளியில்தான். ஆஸ்திரேலியரைவிடக் குறைந்த காப்போடு, ஆஸ்திரேலியருக்கு உள்ள அறிவிப்பும் தொப்பியும் வைத்தியமும் இல்லாமல், இளம் வயதிலேயே முகத்திலும் காதிலும் புற்றுக்கு இடங்கொடுக்கும் நிலையில் அவர்கள் வளர்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவர்களுக்கும் அபாயம் உண்டு. இவர்களுக்குச் சன்ஸ்கிரீன் ஓர் அலங்காரப் பொருளல்ல, நாள்தோறும் வேண்டிய மருந்து. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் மாத்திரை கொடுக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதையும் அவர்களுக்கு விலையின்றிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை வழங்கும்போது சட்டையை முழுக்கையாகத் தைத்து, அகன்ற விளிம்புள்ள தொப்பி ஒன்றும் கருப்புக் கண்ணாடி ஒன்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.