நுரையீரல் புற்றுநோய் அறுவையில் நுரையீரல் மறுவாழ்வு

நுரையீரல் மறுவாழ்வு என்பது உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, நோய் பற்றிய கல்வி, ஊட்டமுறை, மனநலத் துணை ஆகியவற்றை ஒருங்கிணைத்து அளிக்கப்படும் மருத்துவத் திட்டம் ஆகும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளோருக்கு நெடுங்காலமாக அளிக்கப்பட்டுவரும் இத்திட்டம், நுரையீரல் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொள்வோருக்கும் அறுவைக்கு முன்னும் பின்னும் அளிக்கப்படுகின்றது. பெரியவர்களில், வெட்டி அகற்றப்பட்ட நுரையீரல் பகுதி பொதுவாக மீண்டும் வளர்வதில்லை. எனவே, எஞ்சிய நுரையீரலைக் கொண்டு வாழ உடலைப் பழக்குவதே இதன் நோக்கமாகும்.

அறுவையும் மூச்சுத்திறனும்

வலது நுரையீரலில் மூன்று மடல்களும் இடது நுரையீரலில் இரண்டு மடல்களும் உள்ளன. புற்றுக்கட்டியின் இடத்தையும் அளவையும் பொறுத்து மடலின் ஒரு பகுதியோ, ஒரு மடலோ, சில வேளைகளில் ஒரு முழு நுரையீரலோ அகற்றப்படுகின்றது. நோயாளிகளுள் பலர் நெடுநாள் புகை பிடித்தவர்கள் ஆதலால், அவர்களது நுரையீரல் ஏற்கனவே பழுதடைந்திருக்கக்கூடும். எனவே, கட்டியை அகற்ற முடியுமா என்பதோடு, அகற்றிய பின் நோயாளியால் போதிய அளவு மூச்சுவிட முடியுமா என்பதும் ஆராயப்படுகின்றது.

இதனை முன்கூட்டியே கணிக்க, இரு நுரையீரல்களும் சேர்ந்து 19 கூறுகள் கொண்டவையாகக் கொள்ளப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, முதல் நொடியில் 1.9 லிட்டர் காற்றை வெளிவிடக்கூடிய ஒருவருக்கு, 5 கூறுகள் கொண்ட வலது கீழ்மடல் அகற்றப்பட்டால், எஞ்சும் அளவு ஏறத்தாழ 1.4 லிட்டர் ஆகும். எஞ்சும் திறன் மிகக் குறைவாக இருக்கும் எனக் கணிக்கப்பட்டால், உடற்பயிற்சியின்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிசனின் உச்ச அளவு அளக்கப்படுகின்றது. இது உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு நிமிடத்திற்கு 20 மில்லிலிட்டருக்கு மேல் இருப்பின் இடர் குறைவு. 10க்குக் கீழ் இருப்பின் இடர் மிக அதிகம்.

அறுவைக்கு முன்

புற்றுநோய் மருத்துவத்தை நெடுநாள் தள்ளிவைக்க இயலாது. ஆகவே அறுவைக்கு முந்திய பயிற்சி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் செறிவாக அளிக்கப்படுகின்றது. நடை, மிதிவண்டிப் பயிற்சி, தசை வலுவூட்டும் பயிற்சி, மூச்சுத் தசைப் பயிற்சி ஆகியன இதில் அடங்கும். இவை நுரையீரலைப் பெரிதாக்குவதில்லை. இதயமும் தசைகளும் கிடைக்கும் ஆக்சிசனை மேலும் நன்கு பயன்படுத்த உதவுகின்றன. புகைப்பழக்கத்தைக் கைவிடுதல் இக்காலத்தின் இன்றியமையாத கூறாகும்.

அறுவைக்குப் பின்

விலா எலும்புகளுக்கு இடையே வெட்டப்படுவதால் ஆழ்ந்து மூச்சுவிடுவதும் இருமுவதும் வலியைத் தருகின்றன. வலிக்கு அஞ்சி இருமலை அடக்கினால் சளி தேங்கி, நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கலாம், நிமோனியாவும் ஏற்படலாம். இதனைத் தவிர்க்க, வலி போதிய மருந்துகளால் தணிக்கப்படுகின்றது. தலையணையைக் காயத்தின்மேல் அணைத்தவாறு இருமவும் நோயாளிக்குக் கற்பிக்கப்படுகின்றது. இயன்றவரை அறுவைக்கு மறுநாளே, மார்பில் வடிகுழாய் இருக்கும் நிலையிலும், துணையோடு எழுந்து நடக்கச் செய்வர். அறுவை செய்த பக்கத்துத் தோள் இறுகிவிடாதிருக்கக் கைப் பயிற்சிகளும் அளிக்கப்படுகின்றன. வீடு திரும்பிய பின் சில வாரங்கள் பயிற்சி தொடர்கின்றது. முன்னேற்றத்தை அறிய ஆறு நிமிட நடைச் சோதனை பயன்படுகின்றது. பயிற்சியின்போது நெஞ்சுவலி, தலைசுற்றல், சளியில் இரத்தம் ஆகியன தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகவேண்டும்.

பயன்கள்

காக்ரேன் அமைப்பு 2017 இல் வெளியிட்ட மீளாய்வு, 167 பேர் பங்கேற்ற 5 ஆய்வுகளைத் தொகுத்தது. 2022 இல் இது 636 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளாக விரிவாக்கப்பட்டது. அறுவைக்கு முந்திய பயிற்சி, அறுவைக்குப் பின் ஏற்படும் நுரையீரல் சிக்கல்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கக்கூடும் என இம்மீளாய்வு காட்டியது. எனினும் பயிற்சி புற்றுநோயைக் குணப்படுத்துவதில்லை. நோயாளி அறுவையைத் தாங்கி மீள்வதற்கான வாய்ப்பையே அது உயர்த்துகின்றது.

வரலாறு

1933 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில் எவார்ட்சு கிரகாம் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட ஒரு முழு நுரையீரலை ஒரே அறுவையில் வெற்றிகரமாக அகற்றினார். மருத்துவரான அந்நோயாளி ஒற்றை நுரையீரலுடன் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். புகைப்பழக்கம் உடையவராயிருந்த கிரகாமோ, 1957 இல் நுரையீரல் புற்றுநோயால் அவருக்கு முன்பே இறந்தார்.